வளவுப் பூனையை வீட்டுக்குள் எடுக்கலாமா?

எங்கள் வளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டைப்பூனை திரிகிறது. அதை வீட்டுக்குள் எடுப்பதா, வெளியிலேயே விடுவதா என்று எனக்கும் மகளுக்கும் இடையில் பல மாதங்களாக வாக்குவாதம். ஒரு பூனைக்கு இவ்வளவு கதையா என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி ஒருநாள் வரத்தான் செய்யும். ஒரு கடி வாங்கிய பிறகுதான் எனக்கு விடை விளங்கியது. அதனால் எழுதுகிறேன்.

2010 இல் முகாமிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள எங்கள் காணிக்குத் திரும்பியபோது வீடு இருக்கவில்லை. கிணறும் இரண்டு தென்னையும் பற்றையும்தான் மிச்சம். அந்தப் பற்றைக்குள் பூனைகள் இருந்தன. 2009 தொடக்கத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்துவிட்டோம். பூனையை நினைக்கவில்லை. எங்கள் பூனை அடுப்படிச் சாம்பலுக்குள் சுருண்டு படுத்திருந்தது. கண்டுகொண்டுதான் பெட்டியைத் தூக்கினேன். பற்றைக்குள் இருந்தவை அதன் வழி வந்தவையா என்று எப்படிச் சொல்வது? ஆனால் நாங்கள் காட்டுப்பூனை என்று துரத்துகிற பலவும் வீட்டுப்பூனையின் வம்சந்தான். மனிதக் கை படாமல் வளர்ந்தவை. (உண்மையான காட்டுப்பூனைகள் வேறு. மீன் பிடித்துத் தின்னும் பெரிய பூனையும், செம்பழுப்புப் புள்ளிகள் உள்ள சின்னப் பூனையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் குட்டிகளை எடுத்து வளர்க்கக்கூடாது.)

இந்தச் சாம்பல் பூனைக்கு மகள் தினமும் மீன்தலையும் சோறும் வைப்பாள். அவள் பத்தடி தள்ளி நின்றால்தான் அது தின்னும். 2024 நவம்பரில் பெருமழையும் வெள்ளமும் வந்த கிழமை, அது விறகுக் கொட்டிலில் தொப்பையாக நனைந்து நின்றது.

"அம்மா, அது செத்துப்போகும். உள்ளுக்கை விடுங்கோ" என்று மகள் அழுதாள்.

எனக்கும் அந்த அடுப்படிப் பூனைதான் கண்ணுக்குள் நின்றது. குசினிக்குள் மீன் வைத்தேன். பசியில் உள்ளே வந்தது. கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. சட்டி பானை ஒன்றும் தட்டில் மிஞ்சவில்லை. சுவரில் ஏறி விழுந்தது. பிறகு யன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு வெளியே பார்த்தது. 2009 இல் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். கதவைத் திறக்க ஓடினேன். அதற்குள் அது என் வலது கைப் பெருவிரலைக் கடித்துவிட்டுப் பாய்ந்துவிட்டது.

இந்த இடத்தில் சகோதரிகள் கவனிக்க வேண்டும். விசர்நாய்க்கடி நோய் என்று பெயரில் நாய் இருந்தாலும் பூனையாலும் அது வரும். வந்தால் பிழைப்பது மிக அரிது. கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; ஊசி இலவசம். சொன்ன திகதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். இன்னொன்று, பூனைப் பல் ஊசி போன்றது. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். என் விரல் அடுத்த நாளே வீங்கிவிட்டது. தையல்தான் என் தொழில். நத்தாருக்குத் தைக்க எடுத்த துணிகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இனி அந்தப் பூனைக்குச் சோறில்லை" என்றேன். மகள் ஒன்றும் பேசவில்லை. தன் கோப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் வைத்தாள்.

பிறகு மிருக வைத்தியரிடம் கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இதுதான். பூனைக்குட்டி மனிதரோடு பழகுகிற காலம் பிறந்து இரண்டாம் கிழமை முதல் ஏழாம் கிழமை வரை. அந்த வயதில் மனிதக் கை படாத பூனை பெரிதானபின் வீட்டுப்பூனையாவது அரிது. அதைப் பூட்டிவைப்பது அதற்கு உதவி அல்ல, பயம். ஆனால் வெளியில் திரிகிற எல்லாப் பூனையும் அப்படியல்ல. வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து, முகத்தைப் பார்த்துக் கத்துகிற பூனை முன்பு யாரோ வளர்த்ததாக இருக்கும். அதை மெல்ல மெல்ல உள்ளே எடுக்கலாம். பதுங்கிப் பதுங்கி, சத்தமில்லாமல், ஆள் போனபின் தின்ன வருவதை வெளியில் வைத்தே பார்க்க வேண்டும்.

எங்களுடையது இரண்டாவது வகை. ஆகவே விறாந்தை மூலையில் ஒரு பலகைப் பெட்டியை, நிலத்தில் முட்டாமல் கல் வைத்து உயர்த்தினேன். உள்ளே காய்ந்த வைக்கோல். சாக்குப் போட்டால் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சாப்பாடு ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை இருட்டுமுன் எடுத்துவிடுவோம். இல்லாவிட்டால் நாயும் எலியும் வரும். பால் வேண்டாம், பல பூனைகளுக்கு வயிற்றோட்டம் வரும். காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

2025 மாசியில் அது விறகுக் கொட்டிலில் மூன்று குட்டிகள் போட்டது. பெட்டைப்பூனை ஆறு மாதத்துக்குள்ளேயே சினைப்படக்கூடும். ஒன்பது கிழமையில் குட்டி போடும். கணக்குப் பார்த்தால் வளவு தாங்காது. தாய் இரை தேடப் போகிற நேரம் பார்த்து மகள் குட்டிகளைத் தூக்கிப் பழக்கினாள். எட்டுக் கிழமையானதும் இரண்டை உறவினர் வீடுகளுக்குக் கொடுத்தோம். ஒன்றை நாங்கள் எடுத்தோம். அதற்குப் பூச்சி மருந்து கொடுத்து, ஊசியும் போட்டாயிற்று. அது மலங்கழிக்கிற மண் தட்டை நான்தான் தினமும் துப்புரவாக்குகிறேன். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையைச் செய்யக்கூடாது. பூனை மலத்தில் உள்ள ஒரு கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வது லேசாக இருக்கவில்லை. கோழிக்கூட்டின் கதவைத் திறந்து கட்டிவைத்து, ஒரு கிழமை அதற்குள்ளேயே சாப்பாடு வைத்தோம். எட்டாம் நாள் கயிற்றை இழுத்துக் கதவை விழுத்தி, கூட்டைத் துணியால் மூடி ஆட்டோவில் ஏற்றினோம். இருட்டில் பூனை அடங்கும். முட்டை விற்ற காசு அதோடு முடிந்தது. காதின் நுனியைச் சிறிது வெட்டிவிட்டார்கள். சத்திரசிகிச்சை செய்த பூனை என்பதற்கு அதுதான் அடையாளம்.

திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, இனி இந்தப் பக்கம் தலைவைக்காது என்று நினைத்தேன். நான்காம் நாள் பின்னேரம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து பத்தடி தள்ளி நின்றது.

"இந்த மாரிக்கு உள்ளுக்கை வருமே அம்மா?" என்று மகள் இன்னும் கேட்கிறாள். மழை பெய்தால் அது பெட்டிக்குள் படுக்கும். நாங்கள் விறாந்தைக் கதவைக் கொஞ்சம் திறந்து கல் வைத்துவிடுகிறோம். குட்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். தாய் இதுவரை வாசற்படி வரைதான் வந்திருக்கிறது.