சவுல் மன்னனும் தன்னிச்சையும்

நாம் ஒரு முடிவில் நிலைத்து நின்றால் அதற்கு உறுதி என்று பெயர் சூட்டுகிறோம். அதையே அடுத்த வீட்டார் செய்தால் பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று காண்பது எளிதன்று. அரியணையில் அமர்ந்தவரிடத்து அதனைக் காண்பது இன்னும் அரிது. அரசனின் பிடிவாதத்தை உறுதி என்று புகழ்வதற்கு எப்பொழுதும் நால்வர் அருகில் இருப்பர் அன்றோ? விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், சாமுவேலின் முதல் நூல் கூறும் சவுல் மன்னனின் வரலாறு, அக்கோட்டினை நாம் கண்டுகொள்வதற்குப் பெரிதும் துணைபுரிகிறது.

சவுல் இஸ்ரவேல் மக்களின் முதல் அரசன். கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவன் எனக் கருதப்படுகிறான். அதுகாறும் அம்மக்களுக்கு அரசன் என்று ஒருவன் இருந்ததில்லை. ஆபத்து வந்தபோது தலைவர்கள் தோன்றினர், ஆபத்து நீங்கியதும் அவரவர் நிலத்துக்குத் திரும்பினர். கடற்கரைச் சமவெளியிலிருந்து பெலிஸ்தியர் நெருக்கத் தொடங்கியபோது இம்முறை போதவில்லை. இரும்புத் தொழில் பெலிஸ்தியர் கையில் இருந்தது. இஸ்ரவேலில் கொல்லன் இல்லாமையால், கலப்பையின் கொழுவைத் தீட்டுவதற்கும் உழவர்கள் பகைவரிடமே செல்ல வேண்டியிருந்தது. ஆகவே மக்கள் முதியவரான சாமுவேல் தீர்க்கதரிசியிடம் சென்று அரசன் ஒருவனைக் கேட்டனர். அரசன் வந்தால் உங்கள் மைந்தரையும் நிலத்தையும் எடுத்துக்கொள்வான் என்று அவர் எச்சரித்தார், மக்கள் கேட்கவில்லை. 'கேட்டுப் பெற்றவன்' என்பதே எபிரேய மொழியில் சவுல் என்னும் பெயரின் பொருள்.

தொடக்கத்தில் நாம் காணும் சவுலிடம் பிடிவாதத்தின் சாயல் கூட இல்லை. தந்தையின் கழுதைகள் காணாமற்போயின; அவற்றைத் தேடி வேலையாளுடன் ஊர் ஊராக அலைகிறான். திரும்பிவிடலாம் என்கிறான் சவுல். அருகிலுள்ள ஊரில் ஞானி ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்போம் என்கிறான் வேலையாள். கையுறையாகக் கொடுக்க ஒன்றுமில்லையே என்று சவுல் தயங்க, என்னிடம் கால் சேக்கல் வெள்ளி இருக்கிறது என்கிறான் அவன். சவுல் அச்சொல்லைக் கேட்டு நடக்கிறான். அவ்வழியே சாமுவேலையும் அரசுரிமையையும் அடைகிறான். அரசனாக அறிவிக்கும் நாளில் அவனைக் காணவில்லை. மூட்டை முடிச்சுகளின் இடையே ஒளிந்திருந்தான். மக்கள் அனைவரினும் தோளுக்கு மேல் உயர்ந்து நின்றவன் ஒளிவதற்கு இடம் தேடியதை நூலாசிரியர் புன்முறுவலுடன் எழுதியிருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

விரைவில் யோர்தானுக்குக் கிழக்கே உள்ள யாபேஸ் ஊரை அம்மோனியர் முற்றுகையிட்டனர். ஊரார் அனைவரின் வலக்கண்ணையும் பிடுங்குவதாக அச்சுறுத்தினர். செய்தி வந்தபோது சவுல் மாடுகளின் பின்னே வயலிலிருந்து வந்துகொண்டிருந்தான். உடனே படை திரட்டி யாபேஸை மீட்டான். வெற்றிக் களிப்பில் சிலர், முன்பு சவுலை அரசனாக ஏற்க மறுத்தோரைக் கொல்ல வேண்டும் என்று கூவினர். இன்று எவனும் கொல்லப்படக் கூடாது என்று தடுத்தவன் சவுல்தான். இதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

சவுலின் வீழ்ச்சிக்குத் தாவீதின்மீது கொண்ட பொறாமையே காரணம் என்பது பொதுவான எண்ணம். 1739-இல் லண்டனில் அரங்கேறிய ஹாண்டெலின் இசை நாடகமும் பொறாமையையே முன்னிறுத்துகிறது. ஆனால் இடையச் சிறுவனாகிய தாவீது கதையில் நுழைவதற்கு முன்பே நோய் தொடங்கிவிட்டது. கில்காலில் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், தாம் வந்து பலி செலுத்துவோம் என்று சாமுவேல் கட்டளையிட்டிருந்தார். எதிரே பெலிஸ்தியர் திரண்டிருக்க, இங்கே வீரர்கள் குகைகளிலும் புதர்களிலும் ஒளிந்தனர். எஞ்சியோர் 600 பேர். ஏழு நாளும் கழிந்தன, சாமுவேல் வரவில்லை. சவுல் தானே பலியைச் செலுத்தினான். செலுத்தி முடிக்கும் வேளையில் அவர் வந்து சேர்ந்தார். இவ்விடத்தில் நம் இரக்கம் சவுலின் பக்கமே சாய்கிறது. படை கரைவதைக் கண்ட எந்தத் தளபதி பொறுத்திருப்பான்?

ஆனால் அடுத்த போரில் நடந்ததையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். மாலைக்குள் உணவு உண்பவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் தன் படையினருக்கு ஆணையிட்டான். பசியால் வீரர் சோர்ந்தனர். இதனை அறியாத அவன் மகன் யோனத்தான் காட்டில் கண்ட தேனைக் கோலின் நுனியால் தொட்டுச் சுவைத்தான். அன்றைய வெற்றிக்கு வழி திறந்தவனே யோனத்தான்தான். உண்மை வெளிப்பட்டதும், நீ சாகவே வேண்டும் என்றான் தந்தை. மக்கள் குறுக்கே நின்று யோனத்தானை மீட்டனர்.

இங்கேதான் நாம் தேடும் எல்லைக்கோடு புலப்படுகிறது. பிறர் இட்ட கட்டளை என்றால் சூழ்நிலையைக் காட்டி அதனைத் தளர்த்துகிறான். தன் வாயினின்று பிறந்த சபதம் என்றால் சொந்த மகனைப் பலியிட்டேனும் காக்கத் துணிகிறான். யாபேஸில் எவனும் சாகலாகாது என்றவனுக்கு, இப்பொழுது தன் சொல்லே மகனின் உயிரினும் பெரிதாகிவிட்டது. உறுதியுள்ளவன் ஏற்ற கடமைக்குக் கட்டுப்படுகிறான். தன்னிச்சையுடையவன் தனக்கே கட்டுப்படுகிறான். வெளியே இருந்து பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

அமலேக்கியரை முற்றும் அழிக்கவும், கொள்ளையில் ஒன்றும் எடாதிருக்கவும் சாமுவேல் மூலம் பிற்பாடு ஒரு கட்டளை வந்தது. ஓர் இனத்தையே அழிக்கச் சொல்லும் கட்டளை இன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. யூத, கிறிஸ்தவ அறிஞர்களும் இதனை எண்ணித் தடுமாறியுள்ளனர். எனினும் சவுல் மீறியது இரக்கத்தால் அன்று. எளிய மக்களைக் கொன்றவன், அரசன் ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும் மட்டும் தப்பவிட்டான். தனக்கென ஒரு வெற்றிச் சின்னமும் நாட்டிக்கொண்டான். சாமுவேல் வந்தபோது, கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்று வரவேற்றான். அப்படியானால் காதில் விழும் ஆடுகளின் குரல் எதற்கு என்றார் அவர். மக்கள் கொண்டுவந்தனர், அதுவும் பலியிடத்தான் என்றான். கீழ்ப்படிதலின்றிப் பலி எதற்கு என்று சாமுவேல் கடிந்தபின், பாவம் செய்தேன் என்று சவுல் ஒப்புக்கொண்டதும் உண்மையே. ஆயினும் அதே மூச்சில் அவன் வேண்டியது, மூப்பர்களின் முன்னே தன்னைக் கனப்படுத்த வேண்டும் என்பது. மூட்டைகளுக்கிடையே ஒளிந்த அச்சம் அவனை விட்டு நீங்கவேயில்லை போலும். அன்று மக்கள் கண்ணில் படுவதற்கு அஞ்சினான். இன்று மக்கள் கண்ணிலிருந்து விழுவதற்கு அஞ்சுகிறான்.

தாவீதை அவன் துரத்திய நெடுங்கதையை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. ஒன்றைமட்டும் குறிப்போம். யோனத்தான் பரிந்து பேசியபோது, தாவீதைக் கொல்லேன் என்று சவுல் கடவுள் பெயரால் சபதம் செய்தான். சில நாட்களில் தாவீதின்மேல் ஈட்டியை எறிந்தான். கொல்வேன் என்ற சபதத்தை மக்கள் தடுத்தாலன்றி விடாதவன், கொல்லேன் என்ற சபதத்தை யாரும் தடுக்காமலே விட்டுவிட்டான்! பின்னர், தாவீதுக்கு உணவளித்தார்கள் என்ற குற்றத்துக்காக நோப் ஊர் ஆசாரியரைக் கொல்லச் சொன்னான். காவலர்கள் கை ஓங்க மறுத்தனர். ஏதோமியனான தோவேக்கு என்பவன் முன்வந்தான். ஒரே நாளில் 85 ஆசாரியர் மாண்டனர். யோனத்தானுக்காகக் குறுக்கே நின்ற மக்கள் அன்று இருந்தனர். நோப் ஊருக்காகக் குறுக்கே நிற்க ஒருவரும் இல்லை.

இவ்வரலாற்றைத் தொகுத்துக் காத்தவர்கள் தாவீதின் மரபைப் போற்றியோர் என்பதை நாம் மறத்தலாகாது. வீழ்ந்த மன்னனைக் கருமையாகத் தீட்டுவதில் அவர்களுக்கு நாட்டம் இருந்திருக்கலாம். ஆயினும் அவனுடைய இறுதி இரவை அவர்கள் எழுதியிருக்கும் முறையில் பகைமையைக் காண முடியவில்லை.

பெலிஸ்தியர் மீண்டும் திரண்டனர். சாமுவேல் இறந்துவிட்டார், கடவுளிடமிருந்து மறுமொழி இல்லை. குறி சொல்வோரையும் ஆவிகளை அழைப்போரையும் நாட்டைவிட்டுத் துரத்தியிருந்த சவுல், மாறுவேடத்தில் எந்தோர் என்னும் ஊரில் மறைந்து வாழ்ந்த அத்தகைய ஒரு பெண்ணிடமே இரவில் சென்றான். சாமுவேலின் ஆவி தோன்றி, நாளை நீயும் உன் மைந்தரும் மாள்வீர்கள் என்றது. பகலும் இரவும் உண்ணாதிருந்த அவன் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தான். அப்பெண் அருகே வந்தாள்: என் உயிரைப் பொருட்படுத்தாமல் உம் சொல்லைக் கேட்டேன், இப்பொழுது நீர் என் சொல்லைக் கேட்டுச் சிறிது உண்ண வேண்டும் என்று வேண்டினாள். மாட்டேன் என்றான். வேலைக்காரர்களும் அவளோடு சேர்ந்து வற்புறுத்தினர். அவன் எழுந்து கட்டிலில் அமர்ந்தான். வீட்டில் இருந்த கொழுத்த கன்றை அவள் அடித்துச் சமைத்தாள். மாவு பிசைந்து புளிப்பில்லா அப்பம் சுட்டாள். படைக்கு உணவைத் தடுத்தவன், தானே தடைசெய்த ஒருத்தியின் கையால் உண்டான். கழுதை தேடிய நாளில் வேலையாளின் சொல்லைக் கேட்ட சவுலை நாம் மீண்டும் காண்பது இந்த ஓர் இரவில்தான்.

உண்டபின் அவன் தப்பி ஓடவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், சாவு உறுதி என்று அறிந்தும் போர்க்களம் சென்ற சவுலின் துணிவை வியந்து புகழ்கிறார். கட்டளையைத் தளர்த்தத் தெரிந்தவன், கடைசியில் கடமையைத் தளர்த்தவில்லை. கில்போவா மலையில் யோனத்தான் உள்ளிட்ட மூன்று மைந்தரும் வீழ்ந்தனர். காயமுற்ற சவுல் தன் வாளின்மேல் தானே விழுந்து மாண்டான்.

பெலிஸ்தியர் அவன் உடலைப் பெத்சான் நகர மதிலில் தொங்கவிட்டனர். பெய்சான் எனப்படும் அவ்விடத்து மண்மேட்டை 1921 முதல் 1933 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து ஆராய்ந்தனர். செய்தி யோர்தானுக்கு அப்பால் யாபேஸ் ஊரை எட்டியது. அவ்வூர் வீரர்கள் இரவு முழுதும் நடந்து வந்து, மதிலிலிருந்து உடல்களை இறக்கி எடுத்துச் சென்று எரித்து, எலும்புகளை ஒரு மரத்தடியில் புதைத்தனர். பின்பு ஏழு நாள் உண்ணாதிருந்தனர்.