ஆயில் விளக்கு எரியுதா... முதலில் இன்ஜினை நிறுத்துங்க!

எழுபது பெட்டி தக்காளியை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தையை நோக்கிப் போகிறது ஒரு பழைய பிக்கப் வண்டி. மீட்டர் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. மேட்டில் ஏறும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று பளிச்சென்று எரிகிறது. எண்ணெய்க் கெண்டி படம், மூக்கு நுனியில் ஒரு சொட்டு. இன்ஜின் சத்தத்தில் மாற்றம் இல்லை. இழுவையும் குறையவில்லை. சந்தைக்கு இன்னும் 12 கிலோமீட்டர்.

‘சரக்கை இறக்கிட்டு வந்து பார்த்துக்கலாம்ணே’ என்கிறார் பக்கத்தில் இருப்பவர்.

பழைய வண்டி வைத்திருக்கும் பல விவசாயக் குடும்பங்களில், இன்ஜின் போன கதை இப்படித்தான் தொடங்குகிறது. தக்காளியை வேறு வண்டியில் மாற்றிவிடலாம். கிராங்க் ஷாஃப்ட் கடித்துக்கொண்டால், வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும். அதற்கு ஆகும் செலவு, ஒரு போகத்து லாபத்தையே விழுங்கிவிடும்.

கிணற்று மோட்டாரும் ஆயில் பம்பும்

இன்ஜினுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள, சொட்டுநீர்ப் பாசனத்தை நினைத்துக்கொண்டால் போதும். இன்ஜினின் அடியில் இருக்கும் சம்ப்தான் கிணறு. அதில் முங்கியிருக்கும் ஸ்ட்ரெய்னர்தான் ஃபுட் வால்வு. ஆயில் பம்ப்தான் மோட்டார். அங்கிருந்து ஆயில், ஃபில்டர் வழியாகப் போய், கிராங்க் ஷாஃப்ட் பேரிங், கனெக்டிங் ராட் பேரிங், கேம் ஷாஃப்ட், டர்போ என ஒவ்வொரு இடத்துக்கும் பிரிந்து போகிறது.

பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் மெல்லிய ஏடு மாதிரி ஆயில் நிற்கிறது. ஷாஃப்ட் உண்மையில் மிதப்பது அந்த ஏட்டின் மீதுதான். பிரஷர் போனால் ஏடு கிழியும். இரும்பும் பேரிங் உலோகமும் நேராக உரசும். சுமையோடு மேடேறும் வண்டியில், ஒன்றிரண்டு நிமிடங்களிலேயே பேரிங் சூடேறி உருகத் தொடங்கிவிடலாம். ‘டொக்... டொக்...’ என்று சத்தம் கேட்கும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும்.

விளக்கு எரிந்தவுடன்...

ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்து, வண்டியை ஓரம் கட்டி, நின்றதும் இன்ஜினை அணைக்க வேண்டும். ஓடும்போதே அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும் என்பதால், நின்ற பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். மேடாக இருந்தால், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும்.

முடிந்தவரை சமதளத்தில் 10 நிமிடம் நிறுத்திய பிறகு, டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று தெரியும்.

*கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால்:* கிணற்றில் தண்ணீர் இறங்கி, ஃபுட் வால்வு காற்றை இழுக்கும் நிலை இது. வளைவிலும் மேட்டிலும் மட்டும் விளக்கு மினுக்கினால், பெரும்பாலும் இதுதான் காரணம். வண்டிக்கடியில் குனிந்து, சம்ப் போல்ட், ஃபில்டர், ஆயில் குழாய்கள் என ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும். ஒழுகல் இல்லையென்றால், அதே கிரேடு ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி, ஸ்டார்ட் செய்யலாம். 5 விநாடிகளுக்குள் விளக்கு அணைந்து, சத்தமும் இல்லையென்றால் மெதுவாகப் போகலாம். ஆனால், குறைந்த ஆயில் எங்கே போனது என்பதைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது.

*மேல்கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால்:* ஆயில் தானாகப் பெருகாது. டீசலோ, ரேடியேட்டர் தண்ணீரோ கலந்திருக்கிறது. டீசல் பம்ப் சீல் அல்லது இன்ஜெக்டர் கசிந்தால், டீசல் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை வரும். ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டால், கறுப்புப் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் படரும். தண்ணீர் கலந்திருந்தால், ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். இரண்டிலும் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

*அளவு சரியாக இருந்தால்:* அடுத்த சோதனை விளக்குக்குத்தான். ஆனால், அதுவரை வண்டி ஓடக்கூடாது. கட்டியிழுத்துத்தான் பட்டறைக்குப் போக வேண்டும்.

விளக்கு பொய் சொல்கிறதா?

பல பழைய வண்டிகளில் இந்த விளக்கை எரிய வைப்பது, இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் ஒரு சிறிய பிரஷர் ஸ்விட்ச். பிரஷர் இல்லாதபோது, அது விளக்கின் ஒயரை இன்ஜின் உடம்போடு சேர்த்து எரிய வைக்கும். ஸ்விட்ச் கெட்டாலும், ஒயர் உரிந்து இரும்பில் பட்டாலும், பிரஷர் சரியாக இருக்கும்போதே விளக்கு எரியும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்விட்ச்சின் ஒயரைக் கழற்ற வேண்டும். விளக்கு அணையாவிட்டால், ஒயர் எங்கோ உரசுகிறது. அணைந்தால் ஒயர் நல்லது. ஸ்விட்ச் கெட்டிருக்கலாம், அல்லது பிரஷர் உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். இதைப் பிரித்துச் சொல்வது கேஜ் மட்டும்தான். ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் முள் உள்ள பிரஷர் கேஜைத் திருகி, ஸ்டார்ட் செய்ய வேண்டும். 10 விநாடிகளில் முள் எழும்பவில்லை என்றால், உடனே அணைத்துவிட வேண்டும்.

முள் எழும்பினால், இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் அளவைப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் 10 பி.எஸ்.ஐ-க்குக் குறையாமலும், வேகம் கூடும்போது 1,000 சுற்றுக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ வீதமும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சரியான அளவு, வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். கேஜ் சரியாகக் காட்டினால், ஸ்விட்ச்சை மட்டும் மாற்றினால் போதும். கேஜ் வைத்துப் பார்க்காமல் ‘இன்ஜினை இறக்கணும்’ என்று யாராவது சொன்னால், ‘கேஜ் போட்டுக் காட்டுங்கண்ணே’ என்று கேட்கத் தயங்கக்கூடாது.

திடீர் நோயா... நாள்பட்ட நோயா?

கேஜும் குறைவாகக் காட்டினால், அடுத்து கேட்க வேண்டியது இதுதான்: பிரஷர் இன்று திடீரென்று போனதா? அல்லது பல மாதங்களாக, வண்டி சூடானபின் ஐடிலிங்கில் மட்டும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததா?

பேரிங் தேய்வது மெதுவாக நடப்பது. சொட்டுநீர்க் குழாயில் அங்கங்கே ஓட்டை விழுந்தால், மோட்டார் நன்றாக ஓடினாலும் கடைசிச் செடிக்குத் தண்ணீர் எட்டாது அல்லவா... அப்படித்தான் இதுவும். நேற்று வரை எந்த அறிகுறியும் இல்லாத இன்ஜினில், சத்தமும் வராமல் திடீரென்று பிரஷர் விழுந்தால், பேரிங்கைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன்பு செலவு குறைந்த இடங்கள் நான்கு இருக்கின்றன.

*ஃபில்டர்:* சமீபத்தில் ஆயில் மாற்றியிருந்தால், முதல் சந்தேகம் இங்கேதான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய ஃபில்டரைத் திருகிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு வளையம் சேர்ந்தால், அழுத்தம் தாங்காமல் பிதுங்கி, ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டிவிடும். போலி ஃபில்டர்களில் உள்ளே இருக்கும் காகிதம் கிழிந்து, பாதையை அடைப்பதும் உண்டு.

*சம்ப்பும் ஸ்ட்ரெய்னரும்:* வரப்பிலும் கல் பாதையிலும் ஓடும் வண்டியில், சம்ப் அடிபட்டு உள்ளே நசுங்கினால், ஸ்ட்ரெய்னரின் வாயை அடைத்துக்கொள்ளும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜினில், தார் மாதிரி கசடு சேர்ந்து வலையை மூடும். சம்ப்பை ஒட்டும்போது பேஸ்ட்டை அள்ளிப் பூசினால், உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து, அதே வலையில் போய் உட்காரும்.

*ரிலீஃப் வால்வு:* பிரஷர் அளவுக்கு மீறினால், ஆயிலைத் திருப்பி விடுவதற்கு இருக்கும் ஸ்பிரிங் வால்வு இது. ஒரு தூசித் துணுக்கு மாட்டித் திறந்தே நின்றுவிட்டால், பைபாஸைத் திறந்துவிட்ட மோட்டார் மாதிரி, எடுத்த ஆயிலெல்லாம் திரும்ப சம்ப்புக்கே போய்விடும். சில இன்ஜின்களில் கழற்றித் துடைத்துப் போட்டாலே சரியாகிவிடும்.

*ஆயில் பம்ப்:* பம்ப்பைச் சுற்றும் ஷாஃப்ட்டோ, பல்சக்கரமோ உடைந்தால், முள் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். பம்ப்பை மாற்றும்போது, உள்ளே ஆயில் ஊற்றி நிரப்பித்தான் பொருத்த வேண்டும்.

வடித்த ஆயில் பேசும்!

சம்ப்பில் இருந்து வடித்த ஆயிலைச் சுத்தமான வெள்ளைத் தட்டில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். டீசல் இன்ஜின் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். கறுப்பு நிறம் மட்டுமே நோய் அல்ல. ஜிகினா மாதிரி மினுங்கினால்தான் கவலைப்பட வேண்டும். காந்தத்தை வைத்தால் ஒட்டுவது இரும்பு. ஒட்டாத வெள்ளைத் தூளும் செம்பு நிறத் தூளும், பெரும்பாலும் பேரிங்கில் இருந்து வந்தவை. செம்பு தெரிந்தால், பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அடிப்பகுதி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது இன்ஜினைத் திறப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

‘கெட்டியான ஆயில் ஊற்றினால் விளக்கு அணைந்துவிடுகிறது. அப்படியே ஓட்டலாமா?’

தேய்ந்த பேரிங்கில் கெட்டி ஆயில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால், அது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு வேலைக்குப் போவது மாதிரி. அடைத்த ஸ்ட்ரெய்னரில் கெட்டி ஆயில் இன்னும் மோசம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை இழுக்கத் திணறும்.

‘பழைய வண்டி வாங்கப் போகிறோம். இதை எப்படிச் சோதிப்பது?’

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். சாவியை ஆன் செய்ததும், ஆயில் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால், பல்ப் போயிருக்கலாம்; ஒயரைக் கழற்றி வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஸ்டார்ட் ஆனதும் சில விநாடிகளில் அணைய வேண்டும். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, சூடான இன்ஜினை ஐடிலிங்கில் விட வேண்டும். அப்போது விளக்கு மினுக்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

‘ரிப்பேர் முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யலாமா?’

கூடாது. பழைய மெக்கானிக்கல் டீசல் இன்ஜினில், ஸ்டாப் சோலினாய்டு ஒயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பிடிக்காதபடி ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். விளக்கு அணைந்தபின் ஒயரை மாட்டி, ஸ்டார்ட் செய்யலாம். காய்ந்த பேரிங்கில் இன்ஜின் ஓடுவதை இது தடுக்கும்.

அந்தத் தக்காளி வண்டிக்கு வருவோம். மேட்டிலேயே ஓரம் கட்டி, இன்னொரு வண்டிக்குப் போன் போட்டு, பெட்டிகளை மாற்றி அனுப்பினால் ஒரு மணி நேரம் போகும். கூடுதல் வாடகை ஆகும். சந்தையில் விலை கொஞ்சம் இறங்கியும் இருக்கலாம். ஆனால், அடுத்த பறிப்புக்கு அதே வண்டி தோட்டத்து வாசலில் நிற்கும்.