வேன் வீட்டுக்குச் சூரிய மின்சாரம்

வேனையே வீடாக்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றும் வழக்கம் நம் நாட்டிலும் பரவி வருகிறது. தில்லியிலிருந்து மணாலி வழியாக லடாக் போகிறவர்களுக்கு விளக்கு, விசிறி, சிறிய ஃபிரிட்ஜ் எல்லாம் வேண்டும். இவற்றை வண்டியின் சொந்த பேட்டரியிலேயே இரவு முழுவதும் ஓட்டினால், காலையில் இஞ்சின் கிளம்பாமல் நடுவழியில் நிற்க நேரிடும். எனவே தனியாக ஒரு பேட்டரியும், அதை நிரப்பக் கூரையில் சோலார் பலகையும் தேவை. எந்த அளவில் வாங்குவது?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் அல்லவா? முதலில் ஒரு நாள் செலவைத் தாளில் எழுதுங்கள். 10 வாட் விளக்கு 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. 20 வாட் விசிறி 8 மணி நேரம் சுற்றினால் 160. கைபேசி, மடிக்கணினிக்கு 90. 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு ஏறத்தாழ 400. ஆக மொத்தம் 700.

அடுத்து பேட்டரி. ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி, எடுக்கக்கூடியது 900. நமக்குப் போதும். ஆனால் எடை 50 கிலோவுக்கு மேல். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், படுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 100 ஆம்பியர்-மணியே போதும். ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ஏறத்தாழ 1,000 வாட்-மணி எடுக்கலாம். எடை சுமார் 12 கிலோதான், விலை அதிகம். ஒன்றை மறவாதீர்கள்: 0 டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகப் பழுதாகும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வண்டிக்கு அடியில் பொருத்தாமல் உள்ளே வையுங்கள்.

இனி பலகை. தெளிந்த நாளில் சுமார் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும். தூசி, சூடு, படுக்கை வசமாகப் பொருத்துவது ஆகியவற்றால் 30 சதவீதம் போய்விடும். மிஞ்சுவது மூன்றரை மணி. 700ஐ அதனால் வகுத்தால் 200 வாட். மழைக்காலத்தில் இது போதாது. ஓடும் இஞ்சினிலிருந்தும் சார்ஜ் செய்ய வசதி வைத்துக்கொள்வது நல்லது.

12 வோல்ட் பலகை உண்மையில் 18 வோல்ட் அளவில் வேலை செய்யும். அதனால் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். வீட்டுக் கூரைப் பலகைகளின் வோல்ட் இன்னும் அதிகம், அவற்றுக்கு எம்.பி.பி.டி. வகை வேண்டும். சாதாரண கன்ட்ரோலர் என்றால் பாதி மின்சாரம் வீண்.

12 வோல்ட் பலகைகள் இரண்டைத் தொடராக இணைத்தால், மின்சாரம் எடுக்காத நிலையில் 44 வோல்ட் காட்டும். உறைபனிக் காலையில் அது 48ஐத் தாண்டும். 50 வோல்ட் மட்டுமே தாங்கும் கன்ட்ரோலரை நம்பாமல், 75 அல்லது 100 வோல்ட் தாங்குவதை வாங்குங்கள்.

கடைசியாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ். ஒயர் உரசிப் பொறி பறந்தால், தூங்குகிற குடும்பத்தைக் காப்பது அதுதான்.