விலையும் ருசியும்: எந்த மீன் கட்டுப்படியாகும்?

மேல்விஷாரத்திற்குக் கடல் கிடையாது. சென்னை காசிமேட்டிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தாண்டி, ஐஸ் பெட்டியில் பயணம் செய்துதான் கடல்மீன் நம் பாலாற்றுக் கரைக்கு வருகிறது. மீன் வாங்கிய கையோடு புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் வாங்க நம் மளிகைக் கடைகளுக்கு வருகிறவர்கள், "இந்த விலைக்கு இந்த மீன் தகுமா?" என்று நம்மையே கேட்பதுண்டு. கருவாடு விற்கும் கடைகளுக்கோ இது நேரடி வியாபார விஷயம். ஆகவே மீனின் கணக்கை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தராசு சொல்லும் விலை வேறு, தட்டுக்கு வரும் விலை வேறு

மீனை முழுதாக நிறுத்துத்தான் காசு கொடுக்கிறோம். தலை, செதில், குடல், முள் போன பிறகு மிஞ்சுவதே சாப்பாடு. பெரிய வஞ்சிரத்தில் கழிவு போக முக்கால் பங்குக்கு மேல் தேறும். சங்கராவில் தலையும் முள்ளும் அதிகம். ஏறத்தாழ பாதிதான் சதை. மத்தியைச் சுத்தம் செய்தால் சுமார் 60 சதம் நிற்கும்.

கணக்குக்காக வஞ்சிரம் கிலோ 900 ரூபாய், சங்கரா 400, மத்தி 200 என்று வைத்துக்கொள்வோம். சதையாகக் கணக்கிட்டால் வஞ்சிரம் கிலோ 1,125 ரூபாய் ஆகிறது, சங்கரா 800, மத்தி 333. தராசில் வஞ்சிரத்தின் பாதி விலைக்கும் குறைவாகத் தெரிந்த சங்கரா, தட்டில் அத்தனை மலிவு இல்லை. தலையையும் குழம்பில் போடுகிற வீட்டுக்கு இந்த இழப்பு குறையும். மத்தி எப்படிப் பார்த்தாலும் மலிவுதான்.

சத்தில் ஏழை மீன் இல்லை

விலை உயர்ந்த மீனில் சத்து அதிகம் என்ற எண்ணம் சரியல்ல. பெரும்பாலான மீன்களில் 100 கிராம் சதைக்கு 17 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. இதயத்திற்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு, மலிவான மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் நிறைந்திருக்கிறது. வஞ்சிரத்திற்கும் வவ்வாலுக்கும் நாம் கூடுதலாகக் கொடுப்பது முள் குறைவுக்காகவும், வறுத்தால் உடையாத சதைக்காகவும்தான்.

ருசி சமைக்கும் முறையைப் பொறுத்தது. வறுவலுக்கு வஞ்சிரம்; புளிக்குழம்புக்குச் சங்கராவும் மத்தியும்; மொறுமொறுப்புக்கு நெத்திலி; புட்டுக்குப் பால்சுறா. கானாங்கெளுத்தியில் ஓர் எச்சரிக்கை. ஐஸ் குறைந்து சூடேறினால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். உடம்பு சிவந்து அரிப்பெடுக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. தூரத்திலிருந்து மீன் வரும் ஊர்க்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

ஏரி மீன்

கட்லா, ரோகு இரண்டும் வடநாட்டு ஆறுகளின் மீன்கள். 1957-ல் ஒடிசாவில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி ஊசி மருந்து கொடுத்துக் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்த பிறகுதான், குஞ்சு உற்பத்தி பெருகி நாடெங்கும் ஏரிகளில் விட முடிந்தது. ஜிலேபி மீன் 1952-ல் வெளிநாட்டிலிருந்து வந்தது. இவற்றில் சிலசமயம் வரும் மண்வாடை, குளத்து நீரிலுள்ள நுண்ணுயிர்களால் உண்டாவது. கல்லுப்பும் எலுமிச்சையும் தேய்த்துக் கழுவினால் குறையும். கட்லாவில் தலை பெரிது. நடுவில் கவைமுள்ளும் உண்டு. குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கவனம் தேவை. ஆனால் அருகிலுள்ள ஏரியில் காலையில் பிடித்த கட்லா, நாலு நாள் ஐஸில் கிடந்த கடல்மீனைவிட மேலானது.

தடைக்காலம்

தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது. 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப் படகு மீனும் மேற்குக் கரை மீனும் வந்தாலும் வரத்து போதாது, விலை ஏறும். அந்த இரண்டு மாதத்தில் கைகொடுப்பவை ஏரி மீனும் கருவாடும். கருவாடு விற்கும் நம் கடைகளுக்கு அதுவே பருவம்.

கருவாட்டில் கவனிக்க வேண்டியது

ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டுக்கு மூன்று, நான்கு கிலோ பச்சை மீன் வேண்டும். ஆகவே கருவாட்டு விலையைப் பச்சை மீன் விலையோடு அப்படியே ஒப்பிடுவது தவறு. இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லலாம்.

நமக்குள்ள ஆபத்து எடைக் குறைவு. சரியாகக் காயாத கருவாடு 10 கிலோவை, கிலோ 300 வீதம் 3,000 ரூபாய்க்கு எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 330-க்கு விற்றால் பத்து சதம் லாபம் என்று நினைக்கிறோம். கடையில் காய்ந்து 9 கிலோவாகி விட்டால் கைக்கு வருவது 2,970 ரூபாய். லாபம் போய் 30 ரூபாய் நஷ்டம். பை, கூலி எல்லாம் தனி. எனவே கொள்முதலின்போது கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். ஈரம் கசிந்தாலும், உப்பு அப்பிக் கிடந்தாலும், மணல் உதிர்ந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இளஞ்சிவப்பு படர்ந்த கருவாட்டை எடுக்கவே வேண்டாம். அது கெடத் தொடங்கிய சரக்கு.

அரிசி, டீத்தூள் பக்கத்தில் கருவாட்டை வைத்தால் வாடை ஏறும். வண்டு வருகிறதென்று பூச்சிமருந்து அடிப்பது உண்பவர் உயிரோடு விளையாடுவது. வெயிலில் உலர்த்தி, இறுக மூடிய டப்பாவில் வைத்து, பழைய சரக்கை முதலில் தள்ளுவதே வழி. பாக்கெட் போட்டு விற்பவர்கள் நிகர எடை, பாக்கெட் செய்த மாதம், அதிகபட்ச விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும்.

விலையுயர்ந்த மீன் பெயரைச் சொல்லி மலிவான கருவாட்டை விற்பவருக்கு அன்றைய லாபம் கிடைக்கலாம். ஆனால் வறுத்த அன்றே வீட்டம்மாவுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். மாதாமாதம் மளிகைச் சீட்டு கொடுக்கும் வாடிக்கையாளரைக் கால் கிலோ கருவாட்டுக்காக நாம் இழக்க வேண்டியதில்லை.