வானில் விரிந்த பின்னல்

2025-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘நிசார்’ என்னும் செயற்கைக் கோள் விண்ணேறியதை நேயர்கள் அறிவார்கள். அதன் மேல் விரிந்த குடை ஒரு பின்னற்றுணியே என்பதைப் பனியன் தொழிலால் வாழும் திருப்பூர்வாசிகளில் எத்தனை பேர் அறிவர்?

பூமியின் அசைவுகளை அளக்கும் அக்கோளின் ராடாருக்கு 12 மீட்டர் விட்டமுள்ள பிரதிபலிப்பான் தேவை. அவ்வளவு பெரிய தகடு ராக்கெட்டின் முகட்டில் அடங்காது. ஆகவே 123 மெல்லிய கழிகளாலான சட்டத்தில் பொன்முலாம் பூசிய கம்பிவலையைப் பொருத்தி, குடைபோல் மடித்து அனுப்பினார்கள். ஆகஸ்ட் 15-ஆம் தேதி அது வானில் மலர்ந்தது. அதன் எடை சுமார் 64 கிலோவே.

இத்தகைய வலையை நெய்யாமல் பின்னுவானேன்? நெய்த துணியில் பாவும் ஊடும் நேரே ஓடுவதால், கிண்ணம்போன்ற வளைவில் அதை விரித்தால் சுருக்கம் விழும். பின்னலிலோ கண்ணியைக் கண்ணி பற்றி நிற்கிறது. இழுத்தால் நெகிழும், விட்டால் மீளும். பனியன் உடலோடு படிவதும் இவ்வலை சட்டத்தோடு படிவதும் ஒரே நியாயத்தாலன்றோ! வலைக்கண்கள் ரேடியோ அலையின் நீளத்தினும் மிகச் சிறியவையாதலின், ஓட்டை நிறைந்த அவ்வலை அலைகளுக்குச் சுவராகிறது. இவ்வகை வலைகளுக்கு வழக்கமாக மயிரினும் மெல்லிய மாலிப்டினம் கம்பியையே பின்னுகிறார்கள். திருப்பூரில் மிகுதியாகவுள்ள வட்ட யந்திரத்தால் அன்று, பாவுப் பின்னல் யந்திரத்தால் அது பின்னப்படுகிறது என்பது உண்மை. ஆயினும் ஊசியும் கண்ணியும் நம்மவருக்குப் புதியனவா?

நிசாரில் ராக்கெட்டும், கோளின் உடலும், எஸ்-பாண்டு ராடாரும் நம் தேசத்தவை. அக்குடையோ அமெரிக்கர் அளித்தது. நம் விஞ்ஞானிகள் இத்துறையை அறியாதவரல்லர். 2015 ஆகஸ்ட் 27-இல் ஏவிய ஜிசாட்-6 கோளிலேயே, 6 மீட்டர் விட்டமுள்ள விரியும் ஆண்டெனாவை இஸ்ரோ அமைத்தது. பாதி வழி வந்தவர் மீதியையும் நடக்கலாகாதா?

நிசாரின் குடை விரிந்த அதே மாதம் 27-ஆம் தேதி முதல், நம் சரக்குகளின் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. அந்நிய ராஜ்யத்தின் ஓர் உத்தரவு நம் பின்னல் நகரைக் கலக்கிவிடும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

வானக் குடைகள் ஆயிரக்கணக்கில் வேண்டியதில்லை. அவற்றால் ஊர் முழுவதும் பிழைக்க இயலாது என்பார் சிலர். மெய்தான். ஆனால் கம்பியைப் பின்னக் கற்ற கைக்கு வேறு வேலைகளும் உண்டு. வடிகட்டிகளுக்கும் மின்காந்தத் தடுப்புகளுக்கும் பின்னிய கம்பிவலை பயன்படுகிறது. திருப்பூர் முதலாளிகளும், கோயம்புத்தூர் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தாரும், இஸ்ரோ நிபுணரும் ஒருமுறை கூடி அமர்ந்து ஆலோசித்தால் நஷ்டமென்ன?

விற்கும் சரக்கை வரியால் தடுக்கலாம். கற்ற வித்தையைத் தடுப்பார் யார்?