தொட்டியில் வெயிலுக்கும் இடம் விடுங்கள்

கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டர் பொருத்தியாகிவிட்டது. ஆனாலும் மின்கட்டணம் இறங்கவில்லை. கிள்ளானில் வரிசை வீட்டில் இருக்கும் உங்களுக்கும் இந்தக் குறை உண்டா? கூரையில் ஏறும் முன், சுவரில் இருக்கும் ஹீட்டர் ஸ்விட்சைப் பாருங்கள். அது இரவும் பகலும் போட்டபடியே இருக்கிறதா?

இந்த ஹீட்டரில் தகட்டில் சூடான தண்ணீர் தானாகவே மேலேறித் தொட்டிக்குள் போகும். தொட்டியின் அடியில் உள்ள குளிர்ந்த நீர் தகட்டுக்கு இறங்கும். இதற்குப் பம்ப் தேவையில்லை. மழை நாளுக்காகத் தொட்டிக்குள் ஒரு மின் எலிமென்ட்டும் இருக்கும். சிக்கலே அங்குதான்.

மாலையில் எல்லோரும் குளித்து முடித்ததும் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரம்புகிறது. ஸ்விட்ச் போட்டிருந்தால், விடிவதற்குள் மின்சாரமே அதைச் சூடாக்கிவிடும். காலையில் வரும் வெயிலுக்கு வேலையே இல்லை! 180 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 6.7 யூனிட் மின்சாரம் வேண்டும். வெயில் இலவசமாகத் தர இருந்ததை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் குளிர்காலத்தில் மரத்தூள் வில்லைகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்புகள் உண்டு. அந்த வெப்பத்தையும் ஒரு தொட்டியில்தான் சேமிக்கிறார்கள். கூரையில் சோலாரும் இருந்தால், அடுப்பு தொட்டியின் மேல்பாதியை மட்டும் சூடாக்கும்படி இணைப்பார்கள், கீழ்ப்பாதி வெயிலுக்கு.

நாமும் அப்படியே செய்யலாம். ஸ்விட்சை எப்போதும் அணைத்து வையுங்கள். மழை பெய்த நாளில் மட்டும், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போடுங்கள். 3 கிலோவாட் எலிமென்ட் அந்த நேரத்தில் 180 லிட்டரைச் சுமார் 14 டிகிரி ஏற்றும்; குளிக்க அது போதும். மறதி உள்ள வீட்டுக்கு டைமர் நல்லது. பல நாள் வெயிலின்றி நீர் வெதுவெதுப்பாகவே கிடந்தால், ஒருமுறை 60 டிகிரி வரை சூடேற்றிய பிறகு பயன்படுத்துங்கள். லெஜியோனெல்லா கிருமி வளர வெதுவெதுப்பான நீரே ஏற்ற இடம்.

பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளும் தாத்தா பாட்டியும் உள்ள வீட்டில், குளிர்நீர் கலந்து தரும் வால்வைப் பொருத்துங்கள். அழுத்தம் வெளியேறும் வால்வில் நீர் சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள். ஹீட்டருக்கென 10 மில்லி ஆம்பியர் ஆர்சிடி இருக்கிறதா என்று உரிமம் பெற்ற வயர்மேனிடம் கேளுங்கள். தண்ணீர் மட்டுமே 180 கிலோ என்பதால், கூரைச் சட்டம் தாங்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், சொந்தக் கூரை இல்லாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை. 3.5 கிலோவாட் உடனடி ஹீட்டரில் 10 நிமிடம் குளித்தால் 0.6 யூனிட்தான் ஆகும். அங்கே சேமிப்பு, சீக்கிரம் குளித்துவிட்டு வெளியே வருவதில் இருக்கிறது!