கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பிரெட், கேக் செய்யலாமா? தேன் முதல் தூக்கம் வரை ஒரு விளக்கம்

பிரசவ வார்டுக்குக் குழந்தை பார்க்கப் போகிறவர்கள் கையில் என்ன இருக்கும்? ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பாக்கெட் பிரெட் அல்லது ரஸ்க். நம்ம ஊரில் பிரெட் என்றாலே பாதி பேருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020 லாக்டவுனில் யூடியூப் பார்த்து குக்கர் கேக் கற்றுக்கொண்டு, பிறகு ஒரு ஓடிஜி வாங்கி, வீக்எண்ட் ஆனால் பேக்கிங் என்று இருந்தவர்களில் பலர் இன்று அம்மா, அப்பா ஆகிவிட்டார்கள். ஓவன் அதே இடத்தில் இருக்கிறது. பக்கத்து ரூமில் பிறந்து 20 நாள் ஆன குழந்தை. "பச்சை உடம்புடி, அடுப்படிப் பக்கம் வராத" என்று பெரியவர்கள் ஒரு பக்கம். "ஃப்ரெஷ் பிரெட், ஃப்ரெஷ் பேபி" என்று ரீல்ஸ் இன்னொரு பக்கம். எதைக் கேட்பது?

முதலில் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பழைய நிலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும். சிசேரியன் என்றால் குழந்தையைவிட எடை கூடின எதையும் ஆரம்பத்தில் தூக்கக் கூடாது என்பார்கள் டாக்டர்கள். பத்து நிமிடம் மாவு பிசைவது வயிற்றுத் தசைக்கும் வேலைதான். அதனால் "நான் செய்யட்டுமா" என்பதைவிட "யார் செய்வது" என்பதுதான் சரியான கேள்வி. அதற்குப் பிறகு வருவோம். அதற்கு முன், இந்த விஷயத்தில் உண்மையிலேயே ஆபத்தான ஒன்று இருக்கிறது. அது ஓவன் இல்லை.

ஒரு சொட்டு தேன், ஒரு விரல் க்ரீம்

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது பல குடும்பங்களில் இன்றும் நடக்கிறது. சர்க்கரைத் தண்ணி, தேன், சில ஊர்களில் கழுதைப் பால். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்க்காத நேரமாகப் பார்த்து நாக்கில் தடவிவிடுபவர்களும் உண்டு.

இதன் புது வெர்ஷன்தான் 'ஒன் மன்த் பர்த்டே'. ஒரு மாதம் முடிந்ததும் கேக் வெட்டி, க்ரீமை விரலில் எடுத்துக் குழந்தை உதட்டில் தடவி போட்டோ எடுப்பது. வீட்டிலேயே செய்த கேக், அதுவும் சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றிய 'ஹெல்தி' கேக் என்றால் யாருக்கும் சந்தேகமே வராது.

இங்கேதான் பிரச்சினை. தேனில் 'கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் இருக்கலாம். ஸ்போர் என்பது பாக்டீரியா தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு தூங்கும் நிலை. பெரியவர்கள் குடலுக்குள் போனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதை வளரவிடாது, வெளியே போய்விடும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. ஸ்போர் அங்கேயே விழித்து, வளர்ந்து, நரம்பைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உருவாக்கும். இதற்கு 'இன்ஃபன்ட் பாட்டுலிசம்' என்று பெயர். இப்படி ஒரு நோய் இருப்பது 1976-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. அரிதான நோய்தான், ஆனால் வந்தால் குழந்தை வென்டிலேட்டர் வரை போகலாம்.

அறிகுறிகள் சத்தமில்லாமல் வரும். மலச்சிக்கல், அழுகை மெலிந்துபோவது, பால் உறிஞ்ச பலமில்லாமல் போவது, கண் இமை தொங்குவது, கை கால் துவண்டு கிடப்பது. "குழந்தை சமர்த்தா தூங்குது" என்று நினைக்க வைக்கும் அறிகுறிகள் இவை.

"கேக்குலதான் வெந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். ஓவன் 180 டிகிரி செல்சியஸில் இருந்தாலும், உள்ளே ஈரம் இருக்கும்வரை கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாக வெந்த பிரெட்டின் உள்பக்கமே 90-95 டிகிரிதான். பாட்டுலினம் ஸ்போர்களை நம்பகமாக அழிக்க, அழுத்தத்தோடு சேர்ந்த 121 டிகிரி வேண்டும். டின்னில் அடைத்த உணவுகளை ஆலைகளில் அப்படித்தான் பதப்படுத்துகிறார்கள். அந்த பாக்டீரியா உருவாக்கும் நஞ்சு சாதாரணச் சூட்டிலேயே அழிந்துவிடும். ஸ்போர் அழியாது. மலைத் தேன், கொம்புத் தேன், ஆர்கானிக் தேன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆகவே ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம், தேன் சேர்த்த கேக்கும் பிஸ்கட்டும் வேண்டாம். க்ரீம் தடவும் போட்டோவையும் விட்டுவிடலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதல் நாள் குழந்தையின் வயிறு கொள்வதே கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். அந்த இடத்தைச் சேனைத் தண்ணிக்குக் கொடுத்தால் சீம்பாலுக்கு இடம் எங்கே?

அம்மா தேன் கேக் சாப்பிடலாமா? தாராளமாக. ஸ்போர் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகாது. கையை மட்டும் கழுவிக்கொண்டு குழந்தையைத் தூக்குங்கள்.

கேக் காத்திருக்காது, பிரெட் காத்திருக்கும்

கைக்குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி நேரம், ஏப்பம் எடுக்க, துணி மாற்ற, தூங்க வைக்க என்று கணக்குப் போட்டால், நடுவில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதுவும் எப்போது முடியும் என்று தெரியாத ஒன்றரை மணி நேரம். அதனால் எதைச் செய்யலாம் என்பதை ஆசையைவிட வேதியியல்தான் முடிவு செய்கிறது.

கேக் மாவில் இருக்கும் சமையல் சோடா, தயிரையோ எலுமிச்சையையோ பார்த்ததும் உடனே வாயுவை விட ஆரம்பித்துவிடும். கடைகளில் கிடைக்கும் பல பேக்கிங் பவுடர்கள் பாதியை ஈரத்திலும் மீதியை ஓவன் சூட்டிலும் விடும் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் கலந்த மாவை வைத்துவிட்டு, அழும் குழந்தையோடு முக்கால் மணி நேரம் போய்விட்டு வந்தால் கேக் கல்லாகத்தான் வரும்.

பிரெட் அப்படி இல்லை. ஈஸ்ட் ஒரு உயிர். சூடு இருந்தால் வேகமாக வேலை செய்யும், குளிரில் சோம்பல்படும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். அந்தத் தூக்கத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

பிசையவே தேவையில்லாத பிரெட் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த பேக்கர் ஜிம் லேஹியின் இந்த முறையை 2006-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட, உலகம் முழுக்கப் பிரபலமானது. மாவில் தண்ணீர் அதிகம், ஈஸ்ட் மிகக் கொஞ்சம், நேரம் நிறைய. கை செய்ய வேண்டிய வேலையை நேரமே செய்துவிடுகிறது, க்ளூட்டன் தானாகவே பின்னிக்கொள்ளும். அவர் 12 முதல் 18 மணி நேரம் மாவை வெளியிலேயே வைக்கச் சொல்கிறார். சென்னை, மதுரை வெயிலில் அப்படி வைத்தால் மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிடும், அப்புறம் தோசைதான் ஊற்ற வேண்டும். நமக்கு ஃப்ரிட்ஜ்தான் சரி.

அளவு இதுதான். மைதா அல்லது மைதாவும் கோதுமையும் சேர்த்து 500 கிராம், தண்ணீர் 325 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் முக்கால் டீஸ்பூன். ராத்திரி ஒரு கரண்டியால் ஐந்து நிமிடம் கலக்குங்கள். அரை மணி நேரம் வெளியே வைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் தள்ளுங்கள். காலையில் எப்போது கை ஃப்ரீ ஆகிறதோ அப்போது எடுத்து, எண்ணெய் தடவிய இரண்டு சின்ன டின்களில் போட்டு, இரட்டிப்பாகும் வரை விட்டு, 200 டிகிரியில் 35 நிமிடம். காலையில் முடியவில்லையா? சாயங்காலம் செய்யுங்கள். நாளைக்கு என்றாலும் மாவு கோபித்துக்கொள்ளாது, சுவை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

பிஸ்கட் இன்னும் சுலபம். மாவை உருளையாக உருட்டி ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நான்கு வில்லை வெட்டி ஓவனில் வைத்தால் போதும்.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் செய்யும்போது கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூக்கக் கலக்கத்தில் அது மறந்துபோகும் என்பதால் இங்கே சொல்லி வைக்கிறோம்.

ஒரே ஒரு கண்டிப்பான விஷயம்: குழந்தையைத் தூக்கிக்கொண்டோ, துணியில் நெஞ்சோடு கட்டிக்கொண்டோ ஓவனைத் திறக்காதீர்கள். வேகாத மாவைத் தொட்ட கையோடு குழந்தையைத் தொடவும் வேண்டாம். பச்சை மாவிலும் ஈ-கோலை போன்ற கிருமிகள் இருக்கலாம்.

ஒரு கையால் சாப்பிடக்கூடிய சாப்பாடு

பால் கொடுக்கும் அம்மாவுக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500-600 கலோரி கூடுதலாகத் தேவை. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் மதியம் கிடைத்துவிடும். ராத்திரி மூன்று மணிக்கு, ஒரு கையில் குழந்தை இருக்கும்போது பசிக்குமே, அதுதான் யாரும் யோசிக்காத பசி. வெண்ணெய் தடவிய ஒரு ஸ்லைஸ், ஒரு பன், இரண்டு ராகி பிஸ்கட் இதற்காகவே பிறந்தவை. குழம்பு சாதத்தை ஒரு கையால் சாப்பிடலாம்தான், ஆனால் கழுவ எழுந்து போக வேண்டும்!

அதற்காக ஆன்லைனில் விற்கும் 'லேக்டேஷன் குக்கீஸ்' வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். ஓட்ஸும் வெந்தயமும் சேர்த்த பிஸ்கட் அது. பால் சுரப்பைக் கூட்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. குழந்தை எவ்வளவு அடிக்கடி உறிஞ்சுகிறதோ அவ்வளவு பால் சுரக்கும், குறிப்பாக ராத்திரியில். முதல் வாரத்துக்குப் பிறகு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுமானதாக இருக்கிறது என்று அர்த்தம்.

மனசு ஒட்டவில்லை என்றால்

பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகவும் சாதாரணம். இதை 'பேபி ப்ளூஸ்' என்கிறார்கள். இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது வேறு.

"முன்னாடி கேக் பண்றதுன்னா உயிர். இப்போ ஓவனைப் பார்த்தாலே வெறுப்பா இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னால், சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. களைப்பாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். 1987-ல் வெளியான 'எடின்பரோ' அளவுகோல்தான் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதன் பத்துக் கேள்விகளில், விஷயங்களை முன்புபோல ரசிக்க முடிகிறதா, எதையாவது ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா என்பதும் உண்டு. பிடித்த வேலையில் வாரக்கணக்கில் மனசு ஒட்டாதது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற எண்ணம் விடாமல் வருவது, தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுவது எல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. கடைசியாகச் சொன்னது வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணையும் அழைக்கலாம்.

இந்த இடத்தில் ரீல்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பிரெட் செய்வது சிலருக்கு மனசை லேசாக்கும், சிலருக்கு அது தலையில் ஏறும் இன்னொரு வேலை. பிறந்து பத்து நாளில் சவர்டோ செய்கிற அம்மாவோடு உங்களை ஒப்பிட ஒரு காரணமும் இல்லை.

அப்போ யார் செய்வது?

அப்பா. அல்லது வீட்டில் தூங்கி எழுந்த வேறு யாராவது. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை, கம்பெனி பாலிசியைப் பொறுத்தது. 2017 திருத்தத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் கிடைக்கிறது. அதனால்தான் பல வீடுகளில் ஒரு வாரத்தில் அப்பா ஆபீஸ் போய்விடுகிறார், சமையலறை மறுபடி பெண்கள் தலையில் விழுகிறது. ராத்திரி ஐந்து நிமிடம் மாவு கலக்கி வைப்பதற்கு லீவு தேவையில்லை. பால் கொடுப்பதைத் தவிர எல்லாமே அப்பாவால் முடியும்: சட்டையைக் கழற்றி நெஞ்சில் போட்டுத் தூங்க வைப்பது உட்பட. எடை குறைந்த குழந்தைகளுக்காக 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கிய 'கங்காரு' முறைதான் இது. ஒரே நிபந்தனை, அப்போது அப்பா விழித்திருக்க வேண்டும். கண் சொக்கினால் குழந்தையைச் சமமான, கெட்டியான மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

ஓவன் ஓடும்போது எதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பால் குடிக்க மறுப்பது, உடல் சூடு 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போவது அல்லது தொட்டால் சில்லென்று இருப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்வாங்குவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாவது, வலிப்பு, தூண்டினால் மட்டும் அசைவது. இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

குழந்தை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு கோரிக்கை. சளி, காய்ச்சல் இருந்தால் போக வேண்டாம். போனால் முதலில் கை கழுவுங்கள். குழந்தைக்கு முத்தம் வேண்டாம். கையில் க்ரீம் கேக்குக்குப் பதில், வெட்டி வைத்த ஒரு பிரெட் கொண்டுபோங்கள். வந்த வேலை முடிந்ததும், டீ போடச் சொல்லாமல் கிளம்புங்கள்.